புறா ஒட்டிய வெள்ளை வண்டி

என் அக்கா ஒட்டிலியின் புருஷன் கோத்தார்டை நான் ஒருநாளும் மதித்ததில்லை. மதிக்காததை மறைத்ததும் இல்லை. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வண்டியை எடுத்துவிட்டால் அந்த ஆளிடம் சொல்ல எதுவும் மிஞ்சாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

வால்விஸ் பே துறைமுகத்தில் ஒரு மீன் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். ஆலையை மூடியபோது எல்லாருக்கும் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். கூட வேலை பார்த்தவர்களில் ஒருத்தன் வீட்டோடு இரண்டு அறை சேர்த்துக் கட்டினான். இன்னொருத்தன் கடலைவிட்டுத் தள்ளி இருக்கிற யூயிஸ் ஊர்ப் பக்கம் போய் ஆடு வாங்கினான். இவர் மொத்தத்தையும் கொண்டுபோய் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வாங்கினார். புத்தம்புதுசு. அக்கா அப்போது ஹென்டீஸ் பேயில் வெள்ளைக்காரர்களின் விடுமுறை வீடுகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டு, அந்த ஊரின் ஓம்டெல் குடியிருப்பில் என் வீட்டை ஒட்டிய தகர வீட்டில் இருந்தாள். அந்த வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அட்டைதான்.

தெருமுனையிலிருந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினார்.

"ஒட்டிலி, வெளிய வா! நமீபியா முழுக்க இந்த வருஷம் இறங்கின மாடல் இது. ஓம்டெல்ல வேற எவன்கிட்டயாவது இருக்கான்னு பாரு!"

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். ஜன்னல் அட்டையைப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே சட்டம் போட்டார். வண்டியில் மீன் ஏறக் கூடாது. ஆடு ஏறக் கூடாது. விறகு, கேஸ் சிலிண்டர், நாய், ஈரத் துணி எதுவும் ஏறக் கூடாது. மீன் விற்கிற லாசருஸ் ஒருநாள் பழுதாகி நின்ற தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து கெஞ்சினான்.

"அண்ணே, ரெண்டே ரெண்டு கூடை. கடைத்தெரு வரைக்கும்தான்."

"மீன் வாடை ஒருதடவை ஏறினா இறங்காது லாசருஸ். உன் மேல ஏறின மாதிரி."

தெருவே கேட்டது. லாசருஸ் கூடைகளைத் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தான். இவர் அவனைத் தாண்டி மெதுவாக, தூசி படாமல், அதே கடைத்தெருவுக்குத்தான் போனார். சிகரெட் வாங்க.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது பிரசவத்துக்கு ஸ்வாகோப்முண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. வலி எடுத்துவிட்டது. வாசலில் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஆள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து சீட்டின் மேல் விரிக்கிறார். ஓரம் ஓரமாக இழுத்துச் செருகுகிறார். அதன்மேல் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போடுகிறார்.

"அத்தான், எனக்குத் தாங்கலை" என்றேன்.

"கொஞ்சம் அடக்கிக்க எல்ஃப்ரீடா. சீட்டு புதுசு."

எழுபது கிலோமீட்டர் அடக்கிக்கொண்டு போனேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அன்றைக்கு என் மனதில் விழுந்த கறையை எந்த விரிப்பும் தடுக்கவில்லை.

எங்கள் ஊரில் காலையில் கண் விழித்தால் பனிமூட்டம். கடலிலிருந்து எழும்பி வந்து ஊர் மேல் உட்கார்ந்துவிடும். நாக்கை நீட்டினால் உப்புக் கரிக்கும். ரோடே உப்பில் போட்ட ரோடு. உப்புத் தண்ணீர் ஊற்றி இறுக்கியது. இங்கே வண்டி வைத்திருப்பவன் எவனும் வாரம் ஒருமுறை அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவான். லாசருஸ் கூட, அந்த ஓட்டை வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கழுவுவான். நம் மேஸ்திரி மேலே மட்டும் கழுவினார். மெழுகு போட்டார். கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவினார்.

"அத்தான், அடியில பார்த்தீங்களா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"துரு, கண்டவன் வண்டிக்கெல்லாம் வரும். என் வண்டிக்கு வராது. இது கம்பெனி பெயிண்ட்."

நாலாவது வருஷம் பின்சக்கர மட்கார்டில் அம்மைக் கொப்புளம் மாதிரி ஒன்று கிளம்பியது. பிறகு கதவுக்குக் கீழே. சபையின் ஆண்டு விழாவுக்குச் சிலுவையும் புறாவும் போட்ட ஸ்டிக்கர்கள் அச்சடித்துக் கொடுத்தார்கள். எல்லாரும் ஒன்று வாங்கினார்கள். இவர் ஒரு கட்டு வாங்கினார். எங்கே துரு கண்டதோ அங்கே ஒரு புறா. பக்தி பெருகியதாகப் பாதிரியார் மகிழ்ந்துபோனார். போகப்போகப் புறாக்கள் பெருகி, பின்கதவில் கூட்டமாக உட்கார்ந்தன. ஓம்டெல் பிள்ளைகள் அந்த வண்டிக்குப் 'புறாக்கூடு' என்று பெயர் வைத்தார்கள். எங்கே ஓட்டை என்று தெரிய வேண்டுமானால் புறாவை எண்ணினால் போதும்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஸ்வாகோப்முண்ட் போகிற வழியில் போலீஸ் நிறுத்தியது. போலீஸ்காரப் பெண் ஒரு புறாவின் மேல் விரலை வைத்து லேசாக அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. "ஒண்ணு ஒழுங்கா சரிபண்ணுங்க, இல்ல வேற வண்டி வாங்குங்க. இதே மாதிரி திரும்பப் பார்த்தா முன்கண்ணாடியில ஒட்டியிருக்கிற லைசென்ஸ் வில்லையைக் கிழிச்சிடுவேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று ஆரம்பித்தது யோசனை. வைத்துக்கொள்வதா, மாற்றுவதா. கடைவாசலில், சபையில், சாவு வீட்டில், எங்கே யாரைக் கண்டாலும் இதே கேள்விதான். வைத்துக்கொள் என்று சொன்னவனிடம், "உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்பார். மாற்று என்று சொன்னவனைப் பற்றி, அவன் தலை மறைந்ததும், "வயித்தெரிச்சல்" என்பார். என்னிடமும் கேட்டார். நான் தெருவோரம் மாவு உருண்டை பொரித்து விற்கிறவள். கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

"ரெண்டுல எதைச் செஞ்சாலும் சரி அத்தான். வரிசையை விட்டுத் தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்குது."

கசூபி என்று ஒரு வெல்டர் இருக்கிறான், பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால். ஆடுமாடு மேய்க்கிற ஹெரேரோ இனத்தவன். அவனிடம் கொண்டுபோனார். அக்காவும் நானும் அன்று கூடப் போயிருந்தோம். கசூபி கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். டங் டங் என்று கேட்டது, பிறகு சொத் என்று கேட்டது, பிறகு சத்தமே வரவில்லை. எழுந்து வந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"அண்ணே, எஞ்சின் தங்கம். இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆனா வெல்டிங் வைக்க இரும்பு வேணுமே. இங்க இருக்கிறது பெயிண்ட்டும் புறாவும்தான்."

"டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு..."

"எதுமேல போட? பின்னாடி தரை முழுக்கப் பிளைவுட் போட்டு மூடி வச்சிருக்கீங்க. அதைத் தூக்கிப் பார்த்தீங்களா? நான் பார்த்தேன். ரோடு தெரியுது."

"உன்கிட்ட வந்ததே என் தப்பு. ஆடு மேய்க்கிறவனுக்கு எதுக்குடா வெல்டிங்?"

கசூபி கோபப்படவில்லை. அக்காவைப் பார்த்து, "அண்ணி, பின்னாடி ஆளை ஏத்தாதீங்க" என்றான், தணிந்த குரலில். அவள் தலையாட்டினாள்.

அக்கா சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் வேலை பார்த்த வீடுகளில் ஒன்று ஹென்னிங் என்ற ஜெர்மன் கிழவருடையது. கண்ணில் புரை விழுந்து வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார். அவரிடமும் ஒரு பிக்கப் இருந்தது. பழையதுதான், கடுகு நிறம். ஆனால் கொட்டகையை விட்டு அதிகம் வெளியே வராத வண்டி. அடியில் தாரெண்ணெய் பூசி வைத்திருந்தார். "ஒட்டிலி, பதினாறு வருஷமா என் வீட்டுல இருக்க. உனக்குன்னா பேருக்கு ஏதாவது கொடு, மாசாமாசம் சம்பளத்துல கழிச்சுக்கறேன்" என்றார் அவர். அக்கா கசூபியைக் கூட்டிக்கொண்டு போய் அடியெல்லாம் தட்டிப் பார்க்கச் சொன்னாள். எல்லா இடத்திலும் டங் என்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் அவர்கள் மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொருத்தன் உட்கார்ந்து தேய்ச்ச சீட்டுல நான் உட்காரவா?" என்றார் மேஸ்திரி. "அதுவும் அந்தக் கலரு! பிள்ளை வயித்தால போன கலரு."

"வண்டி நல்லா இருக்குங்க. கசூபி பார்த்துட்டான்."

"நான் வாங்கினா புதுசுதான் வாங்குவேன். உன் எஜமான் கழிச்சுப் போட்டதை ஓட்டிக்கிட்டு இந்தத் தெருவுல வர மாட்டேன். லாசருஸ் சிரிப்பான்."

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான்தான் கேட்டேன். "புதுசு வாங்க வழி இருக்கா அத்தான்?"

"வழி வரும்."

வழி எதுவும் வரவில்லை. வேலைக்குப் போகிறவருக்குத்தானே வழி வரும். ஆனால் மாதம் பிறந்தால் கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்வாகோப்முண்டில் புது வண்டி விற்கிற கடைக்குப் போனார். புறாக்கூட்டை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவாராம். அங்கே கண்ணாடிக்குள் நிற்கிற வண்டிகளில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தடவி, உள்ளே வருகிற வாடையை முகர்ந்துவிட்டு, வழவழ காகிதத்தில் அச்சடித்த விலைப்பட்டியல்களை வாங்கிக்கொண்டு வருவார். என்னுடைய தூரத்துச் சொந்தக்காரன் அங்கே வாட்ச்மேன். "உங்க அத்தான் வந்தா இப்பல்லாம் சேல்ஸ்மேன்கள் சாப்பிடப் போயிடறாங்க" என்றான். அந்த வருஷமே ஹென்னிங்கின் கடுகு வண்டியை அரண்டிஸிலிருந்து வந்த ஒரு டீச்சர் வாங்கிக்கொண்டு போனாள்.

கல்யாணம் வந்தது போன ஆகஸ்டில். எங்கள் சித்தப்பா மகளின் பெண் ரோஸ்வித்தாவுக்கு. சபையிலிருந்து பெண் வீடு வரை ஊர்வலம். பெண்ணை ஏற்றின காருக்கு முன்னால் ஒரு திறந்த வண்டி போக வேண்டும், அதில் பெண்கள் நின்று பாடிக்கொண்டு, துணியை வீசிக்கொண்டு வருவார்கள். யாரும் கூப்பிடாமலே மேஸ்திரி புறாக்கூட்டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தார்.

"பின்னாடி யாரும் ஏறாதீங்க" என்று அக்கா ஓடி வந்தாள்.

"வாயை மூடு. கல்யாணத்துல அபசகுனமா பேசாத."

பெண்கள் ஏறிவிட்டார்கள். பதினோரு பேர். எங்கள் பெரியம்மா அல்பெர்ட்டின் யூயிஸிலிருந்து வந்திருந்தாள். பெருத்த உடம்பு, பெருத்த குரல், அவளுடைய நீளப் பாவாடை மட்டும் நாலு பேருக்குத் துணியாகும். அவளை ஏற்றிவிட இரண்டு பேர் கைகொடுத்தார்கள். நான் ஏறவில்லை. ஏறாதே என்று பெரியம்மாவிடம் சொல்லவும் இல்லை. சத்தத்தில் கேட்டிருக்காது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெதுவாகத்தான் போனார். நாங்கள் பக்கவாட்டில் நடந்து போனோம். இரண்டாவது திருப்பத்தில் பிளைவுட் முறிகிற சத்தம் கேட்டது. பெரியம்மாவின் வலது கால் தொடை வரைக்கும் தரைக்குள் போய்விட்டது. வண்டிக்கு அடியில் அவள் செருப்பு உப்பு ரோட்டில் இழுபடுவதை நான் பார்த்தேன். பெண்கள் அலறிக்கொண்டு டிரைவர் தலைக்கு மேல் தகரத்தில் படபடவென்று அடித்தார்கள். அந்த மனிதர் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் அடிக்க அடிக்க, இவர் ஹாரனை அடித்தார். கையை வெளியே நீட்டி ஆட்டினார். லாசருஸ் ஓடிப்போய் முன்னால் குறுக்கே நின்று, பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிய பிறகுதான் வண்டி நின்றது.

இறங்கி வந்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் ஓட்டையைப் பார்த்தார்.

"இவ்வளவு வெயிட்டை யாரு ஏத்தினது?" என்றார்.

ஊர்வலம் முழுக்கக் கேட்டது. அக்கா குனிந்து சாவியை உருவினாள். அவர் பக்கம் திரும்பாமலே, "தள்ளுங்க" என்றாள். அந்த வண்டி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் தள்ளி நின்றார். கசூபியை அழைத்து வந்து தகரத்தை வெட்டிப் பெரியம்மாவை வெளியே எடுத்தோம். கணுக்கால் உடைந்திருந்தது. முழங்கால் வரை தோல் உரிந்து, காயத்துக்குள் உப்பு ஏறியிருந்தது. மீன் வாடை அடிக்கிற லாசருஸின் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் போட்ட வேகத்தில் முக்கால் மணி நேரம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்குப் பெரியம்மா, "வண்டியில போனேன், பாதி தூரம் நடந்தே போனேன்" என்றாளாம்.

போலீஸ் வந்து லைசென்ஸ் வில்லையைக் கிழித்தது. வண்டியை வீட்டு வளவுக்குள் தள்ளிக்கொண்டு வந்து விட்டோம். மேஸ்திரி தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு அதில் ஏறி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரிக்கு ஒருநாளும் போகவில்லை. போக வண்டி இல்லையாம்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து எங்கள் வளவில் குடும்பம் கூடியது. பெரியம்மா கட்டுப் போட்ட காலை ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உடைந்த காலுக்கு என்ன ஈடு என்று பேச வேண்டும். இரண்டு ஆடு, மூன்று ஆடு என்று ஆண்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி எழுந்தார். "நான் ஒண்ணு சொல்றேன். வண்டியை வச்சுக்கிறதா மாத்துறதான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. அது முடிவானப்புறம்..."

"உட்காருடா" என்றாள் பெரியம்மா. "அஞ்சு வருஷமா யோசிச்ச. என் கால் ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணிருச்சு. ஆடு வேண்டாம் எனக்கு. அந்த வண்டியைக் குடு."

"பெரியம்மா, அதை வச்சு நீங்க என்ன..."

"கசூபி எஞ்சினுக்கு ஆள் வச்சிருக்கான். கியர்பாக்ஸையும் எடுத்துப்பான். மிச்சத்தை எடைக்குப் போடுவேன். யூயிஸ்ல எனக்குத் தண்ணித் தொட்டி வாங்கணும்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. அக்காவைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள், அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார் போல.

"எடுத்துட்டுப் போங்க பெரியம்மா" என்றாள் அக்கா. "ஸ்டெப்னி என் கட்டிலுக்கு அடியில இருக்கு. அதையும் தரேன்." உள்ளே போய் அதை உருட்டிக்கொண்டும் வந்தாள்.

மறுநாள் கசூபி இழுத்துக்கொண்டு போனான். மேஸ்திரி வீட்டுக்குள்ளேயே இருந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அழுதார் என்று அக்கா பிறகு சொன்னாள். எனக்குக் கேட்டு இரக்கம் வரவில்லை. பெரியம்மாவுக்காக ஒரு சொட்டு விட்டிருந்தால் வந்திருக்கலாம்.

அப்புறம் நடக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷம் கண்ணாடிக்குள்ளிருந்தே பார்த்த தெருவில் அவருக்குப் பாதிப் பேரின் பெயர் தெரியவில்லை. ஊரில் யாருடைய வண்டியும் அவருக்காக நிற்கவில்லை, ஒன்றைத் தவிர. லாசருஸ் நின்றான். ஏன் நின்றான் என்று அவனிடம் கேட்டேன். "எனக்கு மீன் அறுக்கத் தெரிஞ்ச ஆள் வேணும் அக்கா. அந்த ஆள் பெரிய ஆலையில இருந்தவரு. வாய்தான் நாறுது, கை நல்ல கை" என்றான்.

அது உண்மைதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடற்கரையில் தூண்டில்காரர்கள் கூட்டம் அலைமோதும்போது, லாசருஸின் மேசைக்குப் பின்னால் அவர் நின்று மீன் அறுப்பதைப் பார்த்தேன். ஒரே கீறலில் வயிறு, இரண்டாவது கீறலில் முள். சதையில் ஒரு துணுக்கு வீணாகவில்லை. தலைநகர் வின்ட்ஹுக்கிலிருந்து வந்த ஆட்கள் வாங்குவதை மறந்து நின்று பார்த்தார்கள். இவ்வளவு வருஷம் இந்தக் கையை ஸ்டீயரிங்கில் வைத்து வீணடித்த ஆளை என்ன சொல்வது. குணம் மட்டும் போகவில்லை. பக்கத்து மேசைக்காரனைப் பார்த்து, "கத்தியை அப்படியா பிடிப்பாங்க, மண்வெட்டி மாதிரி?" என்று ஏளனம் பண்ணிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் செதில்.

அக்கா இப்போது லாசருஸின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறாள். மேஸ்திரிக்குப் பின்னால் இடம், மீன் பெட்டிகளோடு. அவள் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அது யார் சம்பாத்தியம் என்று நான் கேட்கவில்லை.

அவர் மீன் அறுப்பதைப் பார்த்த அன்று நான் இரண்டு மீன் வாங்கினேன். தராசில் எடை போட்டார். முள் இம்மி பிசகாமல் நடுவில் நின்றது. குவிந்து கிடந்த மீன் தலைகளில் ஒன்றைக் குழம்புக்குப் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை.

"எடைன்னா எடை" என்றார், என் பார்வையைப் பிடித்து. "சொந்தம்னு பார்க்க முடியாது எல்ஃப்ரீடா."

"பாருங்கன்னு யாரு சொன்னா?" என்று காசை ஈரப் பலகையில் வைத்துவிட்டு வந்தேன்.